நான் சேர்த்த நிலா

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தங்கச் சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தது. ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டு அலமாரியிலிருந்த தட்டுகள் குலுங்கின. அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினேன்.

அங்கே ஒரு டோக்கன் பலகை உண்டு. இறங்கும்போது ஆள் தன் ஆணியிலிருந்து பித்தளை வில்லையை எடுத்துப்போவார்; ஏறியதும் மாட்டிவிடுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். நண்பகலில் நான்கு ஆணிகள் காலி. அதில் ஒன்று எட்டியப்பனுடையது.

என்னால் அந்தப் பெயரை எழுத முடியவில்லை. எட்டியப்பன் ஞாயிற்றுக்கிழமை பரிசு விழாவுக்கு வரக் கூடாது என்று மூன்று நாளாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

மைசூர் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டு சில வருஷம் கழிந்திருந்த நேரம். அதுவரை அச்சில் பெயர் வராத சுரங்கக் குடும்பத்தாருக்கென்று ஒரு கவிதைப் போட்டி வைத்தார்கள். பொருள் இயற்கை. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு.

நந்திதுர்க் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து எட்டியப்பன் வந்தார். கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "கல்லு வேர்க்குது, நானும் வேர்க்கிறேன். யார் வேர்வை யார் மேல?"

பூ இல்லை, மழை இல்லை, இது எப்படி இயற்கை என்று கேட்டேன்.

"இன்னா சார், பூவைச் செஞ்சவர்தானே கல்லையும் செஞ்சாரு?"

அவர் சொன்னதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். அந்த வரிகள் என்னைத் தூங்க விடவில்லை. எனக்குப் போட்டியில் இடமில்லை. என் பெயர் தினமும் அச்சில் வந்தது. என் மனைவி சரோஜாவின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த வரிகளை வேறு தாளில் எழுதி அவள் பெயரைப் போட்டேன். கல்லின் வேர்வையில் நிலா குளிப்பதாக இரண்டு வரி சேர்த்தேன். அதைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, எட்டியப்பனின் தாளை என் மேஜைக்குள் வைத்துவிட்டேன்.

சரோஜாவுக்கு முதல் பரிசு என்று கடிதம் வந்தது. சரோஜா படித்துவிட்டு, "நான் எப்போங்க கவிதை எழுதினேன்? யாருதுங்க இது?" என்றாள். அவள் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். "அவரே படிச்சிக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகும் நான் வேண்டியது மன்னிப்பு அல்ல. கவிதை மேடையில் வாசிக்கப்படும்போது எட்டியப்பன் அந்த மண்டபத்தில் இருக்கக் கூடாது என்பதுதான். அவர் ஷிஃப்டில் இருக்கட்டும், முருகா என்றேன்.

இப்போது அவர் கீழே இருந்தார். அவர் மனைவி பலகைக்கு எதிரே, அந்த ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பின்னால் நின்று, என் பழைய வேண்டுதலை மறந்துவிடு என்று முருகனிடம் கேட்டேன். அவரை மேலே அனுப்பு. எல்லோர் எதிரிலும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் மதியம் ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்தது. நால்வரும் இருந்தார்கள். எட்டியப்பன் கையில் கட்டு. மற்றக் கையால் தானே வில்லையை மாட்டினார்.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை வந்தது: அடிபட்டவர், எப்படியும் விழாவுக்கு வரமாட்டார். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். ஞாயிறு அவர் கட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தன் கவிதைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார்.

சரோஜாவின் பெயரை அழைத்தார்கள். நான் மேடையேறி நடந்ததைச் சொன்னேன். பரிசுக் குத்துவிளக்கை எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். நிருபர் வேலையை மறுநாள் விட்டேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரிசு பெற்ற தாளை நடுவர் வாசிக்கக் கேட்டுவிட்டு, "அந்த நிலாவை மட்டும் எடுத்துடுங்க சார். கீழ அது இல்ல" என்றார்.

இதைப் படிக்கும் அடியார்களே, முருகன் கேட்கிறான். என் கெட்ட வேண்டுதலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அதை நிறைவேற்றாமல் விட்டதே எனக்குக் கிடைத்த அருள். தைரியமாகக் கேளுங்கள். வாய் திறக்குமுன் உங்கள் மேஜைக்குள் யாருடைய தாள் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.