இரண்டாவது பங்கு வெளியீடு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் சுலைமான் முதலாளியின் கந்தோரில் நான் கிளாக்காகச் சேர்ந்தபோது, கம்பெனி என்று எதுவும் இருக்கவில்லை. கண்டிக்கும் கலகெதரைக்கும் இடையே ஓடிய மூன்று பஸ்கள்தான் இருந்தன. மூன்றிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். இன்னும் பஸ் வாங்க வேண்டும். வங்கிகள் தேயிலைத் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தன. எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின.

"லிமிட்டெட் கம்பெனியாப் பதிஞ்சு பங்கை வித்துப் பாருங்கோ" என்றார் எங்கள் சட்ட வேலைகளைப் பார்த்த புரொக்டர்.

பேப்பரில் விளம்பரம் போட்டோம். கலகெதரைக் கடைக்காரர்களும் கடுகண்ணாவைப் பள்ளிக்கூட வாத்திமாரும் வந்து பங்கு வாங்கினார்கள். பாதிக்குச் சற்று மேலான பங்குகள் முதலாளியிடமே இருந்தன. அவரே சேர்மன். குருநாகல் வரைக்கும் பஸ் ஓடியது. வந்த இலாபத்தையெல்லாம் புது பஸ்ஸிலேயே போட்டார்.

பிறகு பெரிய கராஜ் கட்டுவதற்காக இரண்டாம் தடவை பங்கு வெளியிட்டோம்.

"புதுப் பங்கில உங்கட பங்குக்கு வாறதை நீங்கள் எடுக்காட்டி, பாதிக்குக் கீழ இறங்கிப் போவியள்" என்று புரொக்டர் எச்சரித்தார்.

"என்ட கையில ஏது சல்லி? எல்லாம் பஸ்ஸிலதானே ஈக்கு. வாங்குற ஆள் வாங்கட்டும். ஓட்டுறது நான்தானே" என்றார் முதலாளி.

அவர் எடுக்காமல் விட்டதைக் கொழும்புத் தரகர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் டைரக்டர்களைத் திரும்பத் தெரிவு செய்வது வெறும் சடங்கு என்றுதான் நினைத்திருந்தோம். தரகர் எழுந்து, ஆளுக்கு ஒன்றாக இல்லாமல் பங்குக் கணக்கில் வாக்கெடுக்கச் சொன்னார். வராதவர்கள் பலர் தங்கள் வாக்கை அவருக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எண்ணி முடித்தோம். முதலாளி தோற்றிருந்தார். முடிவை அறிவிக்க வேண்டிய சேர்மனும் அவர்தான். தாளைப் பார்த்தவர் என்னிடமே நீட்டினார்.

"நீங்க வாசிங்க தம்பி."

வாசித்தேன். மனைவியின் தம்பி முன்வரிசையில் இருந்தார்; முதலாளி அவரைப் பார்த்தார். கலகெதரையில் துணிக்கடை வைத்திருந்தவர்.

"மச்சான், நீங்களும் அவருக்குத்தான் போட்டீங்களா?"

"போட்டேன் மச்சான். பங்கு வாங்கின நாளையில இருந்து ஒரு சதம் கைக்கு வரல்ல. கேட்டா புது பஸ்ஸக் காட்டுறீங்க. பஸ்ஸக் கொடுத்து மகளுக்குக் கலியாணம் செய்ய ஏலுமா?"

துரோகம் என்று கத்திவிட்டுப் போகலாம் என்றால், அந்த மனிதர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

புது டைரக்டர்கள் முதல் வேலையாக இலாபத்தைப் பங்கிட்டார்கள். அதில் முதலாளிக்கும் நல்ல தொகை வந்தது. அதைக்கொண்டு ஒரு லொறி வாங்கித் தெல்தெனியப் பக்கம் தேங்காய் ஏற்றினார்.

கம்பெனி தொடங்க நினைக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடன் கொடுத்தவன் வட்டியோடு நிற்பான். பங்கு வாங்கியவனுக்கு வாக்கும் உண்டு. பங்கை விற்கும்போது அந்த வாக்கையும் சேர்த்துத்தான் விற்கிறீர்கள்.

பிறகொரு நாள், லொறிக்கும் பங்கு சேர்த்தால் என்ன என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. இது என்டதாகவே ஈக்கட்டும்."

அப்படியே இருந்தது. கடைசிவரை அது ஒரே ஒரு லொறிதான்.