தீவுக்குத் தலைவர் யார்?

தம்பி பிடிபட்டான் என்று செய்தி வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்தவன். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று, இந்துமாக்கடலின் நடுவே பிரிட்டன் ஆளும் ஒரு தீவில் படகோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் நான், லீவு போட்டுவிட்டு எங்கள் ஊரான கடப்பாக்கத்துக்கு ஓடினேன்.

அப்பா எங்கள் மீனவர் பஞ்சாயத்தில் ஒருவர். எங்கள் கரையில் ஒரு ஊர்ப் படகை இன்னொரு ஊர் பிடித்து வைத்தால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு போய் அந்த ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் உட்காருவார்கள். திட்டு வாங்குவார்கள், டீ குடிப்பார்கள், படகும் ஆளும் வந்து சேரும். அப்பா இதற்கும் அதையே நம்பினார். தீவின் தலைவர் யாரென்று மட்டும் நான் கண்டுபிடித்தால் போதுமாம்.

செல்போனைக் குடைந்தேன். கமிஷனர் என்று ஒருவர் இருந்தார், லண்டனில். ராஜாவின் பேரால் சட்டம் போடுபவர். அவருக்குக் கீழே இருக்கும் நிர்வாகியும் லண்டனில்தான். தேர்தல் கிடையாது, ஓட்டுப் போட ஆளும் கிடையாது. அங்கே குடியிருந்த சனங்களை எப்போதோ கப்பலேற்றி அனுப்பிவிட்டு ராணுவத் தளம் கட்டியிருந்தார்கள்.

தீவில் குடியிராதவர் எப்படித் தலைவர் ஆவார் என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நம் கலெக்டரும் வெளியூர்க்காரர்தானே என்றேன்.

"அவரு இங்கதானே படுக்கறாரு? புயல் அடிச்சா அவரு வூட்லயும் கரண்டு போவும்ல."

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல். வாசலுக்கும் கடலுக்குமாக நடந்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மேலே பேசுகிறோம் என்றார்கள். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் தம்பியைப் போனில் பேச விட்டார்கள். சாப்பிட்டாயா என்றுகூட அப்பா கேட்கவில்லை. அங்கே பெரியவர் யார் என்றுதான் கேட்டார்.

"ஊர்க்காரன்னு இங்க ஒருத்தனும் இல்ல நைனா," என்றான் தம்பி. "அல்லாரும் வேலைக்கு வந்தவங்க. காவலுக்கு நிக்கிறவன்கூட, எப்ப வூட்டுக்குப் போவோம்னு பாத்துகினு கீறான்."

அப்பா போனை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"அப்ப உன்ன வுடச் சொல்லி நான் யார் கால்ல வுழறது?"

தம்பி அழுதான். அப்பா என்னைப் பார்த்தார். படித்தவள், ஆபீசில் இருப்பவள். எனக்கும் தெரியவில்லை.