நான் தடுத்த வார்த்தையில் வந்த பதில்

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். என் பொறுப்பில் இருந்த பதினான்கு பிள்ளைகளையும் தேநீருக்கு வரிசையில் உட்கார வைத்தேன். பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். அதே பதின்மூன்று. 

அன்று என் ஆண்டவர் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நினைத்திருக்கிறேன். வாய் வரவில்லை. அதைச் சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே, அதுதான் காரணம். இன்று சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் மலேசியாவில், ஈப்போவைச் சேர்ந்தவள். முப்பது வருடம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கணவர் காலமாகி, பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் போன பிறகு, நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார எனக்கு மனமில்லை. எங்கள் சபைக்குத் தெரிந்த ஓர் அண்ணன், தமிழ்நாட்டில் கொல்லிமலையில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சிறிய இல்லம் நடத்துகிறார். ஆறு மாதம் வந்து உதவுகிறேன் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வேறு தேசம்தான், ஆனால் பேசுவது தமிழ்தானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

இல்லம் சோளக்காடு என்ற ஊரிலிருந்து கொஞ்ச தூரம். பின்னால் காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் ஏறிக் கிடக்கும் மிளகுக்கொடி, அதற்கப்பால் சரிவு, சரிவின் அடியில் ஓர் ஓடை. காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். பதினான்கு தலைக்கு எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, சடை போட்டு, மழை நாளில் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்து எறிந்து, பள்ளிக்கு அனுப்புவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். முதல் நாள் காலை, எங்கள் ஊர் வழக்கப்படி, “எல்லாரும் பசியாறியாச்சா?” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு என் தலை தெரிந்தாலே “டீச்சர், பசியாறியாச்சா?” என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

சமையலுக்குப் பழனியம்மா இருந்தார். பக்கத்து ஊர்க்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். சாமைச் சோறு வடித்தால் கமகமவென்று இருக்கும். ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. சோறு போடும்போது பிள்ளைகளைப் பார்த்து, “இன்னொரு கரண்டி வெக்கட்டுமா சாமி?” என்பார். யாராவது அழுதால், “ஏஞ் சாமி அழுவற?” என்பார்.  சாமி என்றால் கடவுள். கடவுளைக் கூப்பிடும் சொல்லால் மூக்கு ஒழுகும் பிள்ளைகளைக் கூப்பிடுவதா? வந்த இரண்டாவது வாரமே அவரை அழைத்து, இந்த இல்லத்தில் எந்தப் பிள்ளையையும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்து, பிறகு “சரிங்க டீச்சரம்மா” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் பாதி வந்து நின்றுவிடும். அதை விழுங்கிக்கொண்டு பெயரைச் சொல்வார். நான் அதை ஒரு வெற்றி என்று எண்ணி, ஈப்போவுக்கு எழுதிய கடிதத்தில் வேறு சேர்த்தேன். என்ன சொல்ல!

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் கவிதா வந்தாள். ஏழு வயது. ஓடைக்கு அந்தப் பக்கம் மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பா முன்பே இல்லை. தாய்மாமன் ஒருவர் கொண்டுவந்து விட்டு, பள்ளியில் எழுதிக் கொடுத்த சீட்டையும் தந்துவிட்டுப் போனார். சீட்டில் இருந்த பெயர் கவிதா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பக்கூட மாட்டாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்துக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் பிடிவாதம் என்று நான் முடிவு கட்டினேன். ஆனாலும் தினமும் விடியலில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் வாயைத் திறவும்” என்று ஜெபித்தேன். ஒரு நாளும் விட்டதில்லை. பதிலே இல்லை. எனக்கே என் ஜெபம் சலித்துப் போனது.

அந்தச் சனிக்கிழமை மதியம் வருகைப் பதிவு எடுத்தேன். நான்கு முறை அவள் பெயரைக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நீ பதில் சொல்லலைன்னா, இனிமே உன்னை நான் கூப்பிடவே மாட்டேன்” என்றேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அதன் பிறகுதான் அவளைக் காணவில்லை.

இல்லம் நடத்தும் அண்ணன் அரிசி வாங்கச் சேந்தமங்கலம் போயிருந்தார். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர் வந்து சேர இருட்டிவிடும். பழனியம்மா ஓடிப்போய் ஊரிலிருந்து ஆறேழு ஆண்களை அழைத்து வந்தார். மூத்த பிள்ளைகளிடம் சின்னவர்களை ஒப்படைத்துவிட்டு நானும் தோட்டத்துக்குள் இறங்கினேன். பனி அதற்குள் மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. மேலே மலையில் மழை பிடித்துவிட்டது, ஓடையில் தண்ணீர் வரும், சீக்கிரம் தேடுங்கள் என்று ஒருவர் கத்தினார். “கவிதா, கவிதா” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டோம். தொண்டை கட்டியது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் முழங்கால் போட்டேன். அழகாக ஜெபிக்கத் தெரிந்தவள் நான், சபையில் எல்லாரும் சொல்வீர்கள். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. “ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க கூப்பிடுங்க” என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என் தோளில் ஒரு கை பட்டது. பழனியம்மா. முகமெல்லாம் நனைந்திருந்தது. கும்பிடுவதுபோல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. எங்க பக்கம் பெத்தவங்க புள்ளைய ஊட்டுல பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. பள்ளிக்கொடத்துல எழுதுன பேரு அதுக்கே தெரியாதுங்க. நீங்க வேண்டாமுன்னு சொன்னதச் சொல்லி ஒருக்கா கூப்புட்டுப் பாக்கட்டுங்களா?”

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு குழந்தை உயிருக்குத் தவிக்கும் நேரத்தில்கூட அந்தப் பெண் என் கட்டளையை மீறவில்லை. என்னிடம் அனுமதி கேட்கிறார். நான் வெட்கத்தில் குன்றிப்போனேன். “கூப்பிடுங்க” என்றேன். 

பழனியம்மா இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டார். “சாமீ... ஏஞ் சாமீ... எங்க சாமி இருக்கற?” என்று நீட்டிக் கூப்பிட்டார். சரிவில் பிரிந்து தேடிக்கொண்டிருந்த ஆண்களும் அதைக் கேட்டுவிட்டு அதையே சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மேலேயிருந்து ஒரு குரல், கீழேயிருந்து ஒரு குரல். ஆள் ஒருவரும் தெரியவில்லை. வெள்ளைப் பனிக்குள்ளிருந்து “சாமீ, சாமீ” என்று சத்தம் மட்டும் வந்தது.  மலை முழுவதும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறது என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது கீழே, மிகவும் கீழே, சின்னதாக ஒரு குரல். “இங்க இருக்கறேன்.”

அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சத்தம் வந்த பக்கம் சறுக்கிக்கொண்டே இறங்கினோம். ஓடைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். கால் வேருக்குள் மாட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்தால் வழுக்கிக் கீழேதான் போயிருப்பாள். எல்லாருக்கும் முன்னால் நின்றது நான். “அசையாதே சாமி. அப்படியே இரு சாமி. வந்துட்டோம்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அசையாமல் உட்கார்ந்தாள். ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வேரை அரிவாளால் வெட்டி அவளைத் தூக்கி வந்தார்.

நாங்கள் இல்லத்துக்கு ஏறி வந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது ஓடை இரையும் சத்தம் கேட்டது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்தப் பாறையின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குச் சேறும் முறிந்த மரமும் கிடந்தன. அரை மணி நேரம்கூட இடைவெளி இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்திலா, நன்றியிலா என்று எனக்கே தெரியவில்லை.

நாற்பது நாளுக்கு மேல் அவள் வாயைத் திறவும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைத் திறக்கும் வார்த்தையை ஆண்டவர் அவள் அம்மா மூலமாக எப்போதோ அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அதை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது நான். அவருடைய மகிமையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன். தம்மைக் கூப்பிடும் சொல்லாலேயே தாயில்லாத ஒரு பிள்ளையையும் கூப்பிட அவர் சம்மதித்திருக்கிறார் என்றால், அவர் எவ்வளவு பெரியவர்! 

அன்றே பழனியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அவர் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறாரா, மனம் மாறினாரா என்று சிலர் என்னைக் கேட்கிறீர்கள். அவர் தன் ஊர்க் கோயிலுக்குத்தான் போகிறார். மாறியது நான். சட்டம் போடுவதற்கு முன்னால் இப்போது கேட்கிறேன். ஆறு மாதம் முடிந்து வீடு வந்தேன், இரண்டு மாதத்தில் மறுபடி போனேன். இப்போதும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறேன்.

உங்களில் யாராவது வெகுநாளாக ஒன்றைக் கேட்டு, பதில் வரவில்லையே என்று சோர்ந்திருந்தால், விட்டுவிடாதீர்கள், கேளுங்கள். பதில் வரும். உங்களுக்குப் பிடிக்காத வாயிலிருந்து வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். அன்று நான் அதைத் தள்ளிவிட்டிருந்தால் ஒரு பிள்ளை போயிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, சடை பின்னிக்கொண்டே, ஏன் அன்று தனியாக ஓடைப் பக்கம் போனாய் என்று அவளைக் கேட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: “நீங்க இனிமே கூப்புட மாட்டேன்னு சொன்னீங்கல்ல டீச்சர். அதான், எங்கம்மா கூப்புடுவாங்கன்னு போனேன்.”