பெரியப்பாவுக்கு ஒரு செம்பு தண்ணீர்

பிள்ளைகளே, கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நான் முழு மனதோடு நம்பிய ஒரு பங்குனி மாதம் உண்டு. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் பண்டத்தரிப்பில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிரசங்கம் எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கும் என் அண்ணை பொன்னையாவின் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு, ஒரு சின்னத் திறப்பு, விட்டிருந்தோம். நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு சொந்தக்காரர் எங்களை விட்டுவிட்டார்கள். கலியாண வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள், செத்த வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள். அண்ணை மட்டும் விடவில்லை. வருஷா வருஷம் வேலி அடைக்கிற நாளில் எங்கள் மாமா வந்து நிற்பார்.

"பொன்னையா, உந்தப் பொட்டை அடை. வேதக்காரன்ரை காத்து வருகுது."

அண்ணை கிடுகைக் கட்டிக்கொண்டே சொல்லுவார்: "அடைச்சால் ஞானம் எந்தப் பக்கத்தாலை வாறது? காத்துப் பிடிக்காட்டி நீங்கள் மூக்கைப் பொத்துங்கோ, மாமா."

ஞானம் என் மூத்த மகள், உங்கள் அக்கா. அப்போது ஏழு வயது. அண்ணைக்கும் அவர் மனைவி, என் மச்சாளுக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கு இரண்டு வீட்டிலும் சோறு, இரண்டு வீட்டிலும் பாய்.

மாசியில் அண்ணைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. எங்கள் சபை உபதேசியார் என்னிடம், "விசுவாசத்தோடை கேள். கர்த்தர் கைவிடார்" என்றார். நான் கேட்டேன். சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டேன். அண்ணையைச் சுகப்படுத்தும், இல்லையென்றால் உம்முடைய நாமத்தை ஒரு தரமாவது அவர் வாயில் வையும் என்று அழுதேன். அண்ணையிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் வறண்ட உதட்டோடு சிரித்தார்.

"எனக்கு என்ரை பிள்ளையார் போதுமடா. உன்ரை ஆளோடை நீ கதை. நான் குறுக்கை நிக்கேல்லை."

அவர் கடைசியாகக் கேட்டது தண்ணீர். ஞானம்தான் கரண்டியால் பருக்கினாள். அன்று பின்னேரமே போய்விட்டார்.

பிள்ளை இல்லாதவருக்குத் தம்பி கொள்ளி வைப்பதுதான் முறை. சபை என்னை விடவில்லை. சொந்தக்காரரும் விடவில்லை. மாமாவின் மகன் வைத்தான். நான் சுடலைக்கு வெளியே, வேற்று ஊரான் போல நின்றேன். கேட்ட இரண்டில் ஒன்றையும் கடவுள் தரவில்லை. 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பிள்ளைகளுக்கு ஐசுவரியவானையும் லாசருவையும் பற்றிச் சொன்னார். செத்தபின் நரக அக்கினியில் கிடந்த ஐசுவரியவான் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சிய கதை உங்களுக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தக் கிழமை எங்கடை ஊரிலேயே ஒருத்தர் அங்கை போயிருக்கிறார்" என்றும் சொல்லிவிட்டார். என் பிள்ளை முன்வரிசையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள்: "ஐயா, பெரியப்பா எரியிறாரோ?"

 என் துக்கத்தை மறைக்காமல் கொட்டிய சபை அது. அவர்கள் என் அண்ணையை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டிவிட்டார்கள். கடவுளோ, நான் கேட்டதைத் தராததும் அல்லாமல், எனக்காக ஊரையே எதிர்த்து நின்ற மனுஷனை நெருப்பில் போட்டுவிட்டார். அன்பே உருவானவர் என்று நம்பித்தானே உற்றார் உறவை விட்டு இவரிடம் வந்தேன்? அன்றோடு ஜெபத்தை நிறுத்தினேன். உங்கள் அம்மா தனியே முழங்காலில் நிற்பாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

பிறகு ஒரு நாள், நல்ல உச்சி வெயில். நான் தோட்டத்தில் புகையிலை வெட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"ஞானத்தைக் காணேல்லை! செம்பையும் காணேல்லை!"

எங்கள் தோட்டக் கிணறுகளுக்குச் சுற்றுக்கட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். செம்பு எடுத்த பிள்ளை தண்ணீருக்குத்தான் போயிருப்பாள். ஒவ்வொரு கிணறாக ஓடி ஓடி எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் முகம்தான் தெரிந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து ஜெபம் வந்தது. பக்தியான ஜெபம் அல்ல. சண்டைக்காரன் கத்துவது போலக் கத்தினேன்: "அண்ணையை எரிக்கிறீர். இவளையாவது விடும்! உமக்கு இரக்கம் எண்டு ஒண்டு இருந்தால் இப்ப காட்டும்!"

கத்தி முடிந்து மூச்சு வாங்கும்போது சுடலைப் பக்கமிருந்து ஓர் அழுகுரல் கேட்டது. என் பிள்ளையின் குரல்.

ஓடினேன். அண்ணையை எரித்த கரும் நிலத்தில் ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. மச்சாள் வெறும் மண்ணில் இருந்தார். மடியில் ஞானம். பக்கத்தில் வெறும் செம்பு. சாம்பல் மண் நனைந்து கிடந்தது.

பிள்ளைகளே, எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. புருஷனை இழந்தவள் சாவுத் துடக்குக் கழியும் வரை வீட்டுப் படி தாண்டமாட்டாள். உச்சி நேரத்தில் ஆண்பிள்ளைகளே அந்தப் பக்கம் போகப் பயப்படுவார்கள்.

"மச்சாள், நீங்கள் இஞ்சை வரலாமோ? சனம் என்ன சொல்லும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை செம்பும் கையுமாச் சுடலைக்குப் போகுது. நான் வாசல்லை நிண்டு முறை பாக்கிறதோ, தம்பி?"

ஞானம் விக்கி விக்கிச் சொன்னாள்: "பெரியப்பாக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க அங்கை ஒருத்தரும் இல்லையாம், ஐயா."

மச்சாள் அவள் முகத்தைத் தன் சேலையால் துடைத்தார். பிறகு என்னைக் கேட்டார்: "உன்ரை கடவுள் உப்பிடிச் செய்வாரோ? செய்யிறவர் எண்டால் நீ ஏன் அவரிட்டைப் போனனீ? உன்ரை அண்ணையைவிட நல்லவர் எண்டுதானே போனனீ?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறியக் கேட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலை குனிந்து, அவருக்குப் பின்னால் நடந்தேன்.

பிள்ளை கிடைத்துவிட்டாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு உங்கள் அம்மாவுக்காகச் சபைக் கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழும்பினார்கள். வாய் பழக்கத்தில் நானும் சொன்னேன். சிலுவையில் அறையப்பட்டார், மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், பாதாளத்தில் இறங்கினார்...

அந்த இடத்தில் சொல்லுவதை நிறுத்திவிட்டேன். எத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன், ஒரு நாளும் காதில் விழவில்லை. இறங்கினார்! மரித்தவர்கள் கிடக்கிற பாதாளத்துக்கு, போகக்கூடாத இடத்துக்கு, ஒருவரும் போகாத இடத்துக்கு, கர்த்தர் தாமே போனார். வாசலில் நின்று முறை பார்க்கவில்லை. வெள்ளைச் சேலையோடு சாம்பலில் இருந்த மச்சாளை நினைத்தேன். மச்சாளுக்கு இருந்த இரக்கம் அவரை உண்டாக்கினவருக்கு இல்லாமல் போகுமோ? வாங்கில் இருந்து விம்மி விம்மி அழுதேன். என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான்.

ஆராதனை முடிந்து உபதேசியாரிடம் போனேன்.

"நரகம் வேதத்திலை கிடக்கு, தம்பி. நான் இல்லாததைச் சொல்லேல்லை" என்றார்.

"ஓம் ஐயா, கிடக்கு. அண்ணையின்ரை பேரும் கிடக்கோ?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.  அந்த வலி எனக்குப் போகவில்லை, போனதாகப் பொய் எழுதமாட்டேன். மச்சாளுக்கும் ஊரில் நல்ல பெயர் மிஞ்சவில்லை. சுடலைக்குப் போனவள் என்று பெண்கள் இன்றும் ஒதுங்குகிறார்கள்.

நரகம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த அந்த நாட்களில் அதன் வாசனை எனக்குத் தெரிந்தது. ஒருவரையும் வேண்டாம் என்று இருப்பது பொல்லாத இருட்டு. ஆனால் ஒருவனை அங்கே தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர் அல்ல எங்கள் ஆண்டவர். அண்ணை எங்கே என்று எனக்குத் தெரியாது. யார் தேடிப் போனார் என்று தெரியும். அது எனக்குப் போதும்.

ஆகையால், பிள்ளைகளே, கடவுள் உங்களை ஏமாற்றியது போல இருக்கிற நாளில் நல்ல வார்த்தை தேடிக்கொண்டு இருக்கவேண்டாம். கோபத்தோடேயே கத்துங்கள். அவர் கேட்பார். எனக்குக் கேட்டவர் உங்களுக்கும் கேட்பார்.

ஞானம் இப்போது பெரியவளாகிவிட்டாள். ஒவ்வொரு பொழுதும் ஜெபத்தில் பெரியப்பாவின் பெயரைச் சொல்லுகிறாள். மரித்தவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்று உபதேசியார் சொல்லியனுப்பினார். நான் அவளைத் தடுக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லும்போது, பக்கத்தில் முழங்காலில் நின்று, நானும் ஆமென் சொல்லுகிறேன்.