இஷ்டப்படி ஒரு யானை

சக்கரபாணி திருவண்ணாமலையில் டிராயிங் மாஸ்டர். ஐந்தாம் வகுப்புக்கு மாங்காய், ஆறாம் வகுப்புக்குப் பூந்தொட்டி, ஏழாம் வகுப்புக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே எழும் சூரியன். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் எதிரே நிற்பது ஒரே மலைதான். அதைப் பார்த்து எவனாவது ஒற்றை மலை போட்டுவிட்டால், "இன்னொண்ணு எங்கடா போச்சு?" என்று காதைத் திருகுவார். கற்பனை வளர இதைவிட நல்ல வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

1979ஆம் வருஷத்தைக் குழந்தைகள் ஆண்டு என்று உலகமே சொல்லிவிட்டது. மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த அப்பாசாமிதான் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்துக்கும் குழந்தைகள்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. ஊருக்கு ஒரு சிறுவர் பூங்கா. அது எப்படி இருக்க வேண்டுமென்று பிள்ளைகளே வரைந்து காட்ட வேண்டும். வரைய வைக்கும் பொறுப்பு சக்கரபாணிக்கு.

"இஷ்டப்படி வரையுங்க" என்றார். அப்படியொரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டறியாத பிள்ளைகள், இதில் என்ன சூழ்ச்சியோ என்று கொஞ்ச நேரம் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வரைந்தார்கள். உண்ணாமலை என்கிற பெண் நீளமாக ஒரு பொந்து போட்டிருந்தாள்.

"இன்னாடி இது, எலி வளையா?"

"உள்ள பூந்து அந்தப் பக்கம் வர்றது சார். வெயிலு படாது. எங்கம்மா கூப்ட்டாலும் காதுல வுழாது."

"பூங்கான்னா யானைச் சறுக்குமரம் வேணும். மெட்ராஸ்ல அப்படித்தான் இருக்குது. அழி."

அழித்தாள். அவர் கரும்பலகையில் ஒரு யானை போட்டார். வகுப்பு முழுக்க அதைப் பார்த்து இஷ்டப்படி வரைந்தது. படங்களைப் புரட்டிய அப்பாசாமி நெகிழ்ந்தே போனார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே யோசனை, பாத்தீங்களா வாத்தியாரே!"

அடுத்த சித்திரையில் பூங்காவைத் திறந்தார்கள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் யானையின் தும்பிக்கையில் முதலில் சறுக்கும் பெருமை அப்பாசாமியின் பேரனுக்குக் கிடைத்தது. அவன் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அதை மகிழ்ச்சி ஆரவாரம் என்று மேடையில் பேசியவர் குறிப்பிட்டார்.

அதன் பிறகு யானைமேல் காக்கைதான் உட்கார்ந்தது. பூங்கா மூலையில், புங்கமரத்தடியில், சாக்கடை கான்ட்ராக்டர் பெரிய சிமெண்ட் குழாய்களைப் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் அவற்றுக்குள் குடியேறினார்கள். அவர்களை விரட்டி யானைமேல் ஏற்றும் வேலையும் சக்கரபாணி தலையிலேயே விழுந்தது.

ஒரு சாயங்காலம் விரட்டப் போனவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு குழாய் கீழ்பென்னாத்தூர் பஸ், இன்னொன்று ஆஸ்பத்திரி. பஸ்ஸிலிருந்து விழுந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டிருந்தாள் உண்ணாமலை. அவளே கண்டக்டர், அவளே டாக்டர்.

"நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லாம இருங்க சார். அது போதும்."

சுருக்கென்றது. ஆனாலும் அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை. மறுநாளும் போனார்.

ஆடி மாதம் குழாய்களை ஏற்றிப் போக லாரி வந்தது. சக்கரபாணி மண்டிக்கு ஓடினார்.

"அந்தக் குழாய் புள்ளைங்க போட்ட படத்துலயே இருந்ததுங்க. நான்தான் அழிக்கச் சொல்லிட்டேன்."

"அழிச்சது அழிச்சதுதான். வுடுங்க வாத்தியாரே."

சக்கரபாணி தலையைச் சொறிந்தார். அவருக்கும் ஒரு கற்பனை உதித்தது. "யானை வயித்துல உங்க பேரு கோணலா இருக்குதுங்க. குழாய்னா நீளம் ஜாஸ்தி. பட்டமெல்லாம் சேத்து எழுதலாம்."

அப்பாசாமி செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார். லாரி காலியாகத் திரும்பியது. சக்கரபாணி தம் கையாலேயே பெயரை எழுதினார். பிள்ளைகள் குழாய்க்கு உள்ளேயே இருந்ததால் அது அவர்கள் கண்ணில் படவில்லை.

சில வருஷம் கழித்து அதே சங்கம் சிறுவர் வாசகசாலை கட்டக் கிளம்பியது. இந்த முறை சக்கரபாணி படங்களுக்குப் பதிலாகப் பிள்ளைகளையே மண்டிக்குக் கூட்டிப் போனார். கலர் சோடா குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள் என்று அப்பாசாமி எதிர்பார்த்தார். அவர்கள் குடித்து முடித்துவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தார்கள். அலமாரி எதுக்கு அவ்ளோ உயரம்? புஸ்தகத்துக்குப் பூட்டு எதுக்கு? படுத்துக்கினு படிச்சா இன்னா?

"இன்னா வாத்தியாரே, எதிர்த்துப் பேசுதுங்க!"

"யோசிக்குதுங்க. நமக்குப் பழக்கமில்ல, அதான் அப்படித் தெரியுது."

அலமாரிகள் இடுப்பளவு உயரத்தில் வந்தன. பூட்டு இருந்தே தீர வேண்டும் என்றார் அப்பாசாமி. இருந்தது, சாவியைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள். இனி பிள்ளைகளிடம் யோசனை கேட்பதில்லை என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

ஓய்வு பெற்ற பின் சக்கரபாணி தினமும் அங்கே பேப்பர் படிக்கப் போனார். பெரியவர்களுக்கு நாற்காலி வேண்டுமென்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கவில்லை. சொல்லிக் கொடுக்க அவருக்கும் மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்தே படித்தார்.