நாணல் கட்டிய முட்டைக்கோஸ்

எபெனேசர் பெவன் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்தவர். டாவே ஆற்றங்கரைச் செப்பு உருக்காலையில் உலை பார்த்தார்; வீடும் ஆலை கொடுத்ததுதான். எங்கள் கொல்லைகளில் புல்கூட முளைக்காது. ஆலைப் புகை பட்டுக் காயப்போட்ட துணியில் ஓட்டை விழும். அந்தப் புகைதான் எங்கள் வயிற்றை நிரப்பியது, அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

அவருடைய அக்கா குவென்லியன் மேட்டில் பண்ணை வைத்திருந்தாள். சனிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது தம்பி வீட்டில் ஒரு முட்டைக்கோஸ் கொடுத்துவிட்டுப் போவாள். நாணலை முப்புரியாகப் பின்னிக் கட்டியிருப்பாள். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

புகை மேடு ஏறியதும் அவளுடைய மாடுகளுக்கு முழங்கால் வீங்கியது. மண்டியிட்டே மேய்ந்தன. அவளும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் ஆலைமேல் வழக்குப் போட்டார்கள்.

ஆலைக் கங்காணி எபெனேசரைக் கூப்பிட்டான்.

"புகையால ஒரு கெடுதலும் இல்லன்னு கோர்ட்டுல வந்து சொல்லணும்ப்பா. உன் கொல்லையில வெளஞ்சது ஏதாவது எடுத்துட்டு வா. ஜூரிங்க கண்ணால பாக்கட்டும்."

"கொல்லையில சாம்பல்தாங்க இருக்கு."

"தலைக்கு மேல கூரை இருக்கில்ல? அதை நெனச்சுக்கோ."

நினைத்துக்கொண்டார். அக்கா கொடுத்த முட்டைக்கோஸையே கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனார். வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, "எங்க கொல்லையில வெளஞ்சதுங்க" என்று தூக்கிக் காட்டினார். நாணலை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை அந்த மடையருக்கு.

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா அந்த நாணல் கட்டைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அவள் பக்கம் திரும்பியிருக்கும். தம்பிக்கு வீடும் போய், பொய்ச் சத்தியத்துக்குச் சிறையும் கிடைத்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. ஆலைதான் ஜெயித்தது.

கோர்ட்டு வாசலில் எங்கள் ஆலை ஆட்கள் எபெனேசரைத் தோளில் தூக்கினார்கள். "எறக்கி விடுங்கப்பா" என்று கெஞ்சினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் பெவன், பட்டப்பெயர் இல்லாமல் ஆளை அடையாளம் சொல்ல முடியாது. அன்று முதல் அவர் கோஸ் பெவன். சபையில் போதகர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் மனுஷர் கூனிக் குறுகிப்போவார்.

அதைவிடக் கொடுமை, சனிக்கிழமை தவறாமல் முட்டைக்கோஸ் வந்ததுதான். அக்கா வரும் நேரம் பார்த்து அவர் கொல்லையில் ஒளிந்துகொள்வார்.

"வெக்கமா இருக்குடி, வாங்காத" என்பார் மனைவியிடம்.

"பிள்ளைங்களுக்கு உன் வெக்கத்தையா வேகவச்சுப் போட?" என்பாள் அவள். அவரும் உட்கார்ந்து தின்பார்.

வருஷத்துக்கு வருஷம் கோஸ் சிறுத்தது. ஒரு சனிக்கிழமை, மாடுகளை விற்றுவிட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த அக்கா, நேராகக் கொல்லைக்கே போய்விட்டாள். கைப்பிடி அளவுக் கோஸ் ஒன்றை அவர் கையில் வைத்தாள். ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"மேட்டுல கடைசியா வெளஞ்சது தம்பி. நாங்க ஊர விட்டுப் போறோம்."

"அக்கா, அன்னிக்கு கோர்ட்டுல நான்..."

"இதை உன் கொல்லையில வெளஞ்சதுன்னு சொல்லு. இப்போ எல்லாரும் நம்புவாங்க."

வண்டி போனபிறகும் அவர் அந்தச் சாம்பலிலேயே நின்றார். நாணலை மனைவிதான் அவிழ்த்தாள்.