சுவருக்கு அந்தப் பக்கம் நூற்று நாற்பது

நியூஜெர்சி எடிசனில் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற நில்ஸை அந்த வட்டாரத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். ஆறேகால் அடி உயரம். நரைத்த நீள முடியை ரப்பர் பேண்ட் போட்டுப் பின்னால் கட்டியிருப்பார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். ஏறும்போது ஒரு தலையாட்டல், இறங்கும்போது ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் பஸ் அங்கிள். பெரியவர்களுக்கு அதுகூடத் தெரியாது. பஸ் நேரத்துக்கு வந்தால் சரி, ஓட்டுகிறவர் யாராயிருந்தால் யாருக்கு என்ன?

அவர் வீட்டை ஒட்டிய டவுன்ஹவுஸில் இருந்தவள் மீனாக்ஷி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி வேலை அவளுக்கு. அதாவது, யார் எத்தனை வயதில் போய்ச் சேருவார்கள் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குவது. வாரத்தில் இரண்டு நாள் பார்சிப்பனி ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தே. கணக்கில் புலி என்றால் தாளத்தில் அதற்கும் ஒரு படி மேலே. நியூஜெர்சியில் எங்கே கச்சேரி நடந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவாள். வித்வான் அரை எண்ணிக்கை தள்ளி வந்து விழுந்தால் தீர்ந்தது, இடைவேளையில் காபியும் கையுமாகப் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். ஏனென்றால் அவள் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. அந்த கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

போன பிப்ரவரியில் சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் சத்தம் ஆரம்பித்தது. குழந்தைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு நில்ஸ் பத்து மணிக்குத் திரும்புவார். மத்தியானம் மறுபடி பஸ் எடுக்கக் கிளம்பும்வரை கராஜுக்குள் ஒரே இடி. மீனாக்ஷிக்கோ மீட்டிங் மேல் மீட்டிங். மைக்கை மியூட் பண்ணலாம், மண்டையை எங்கே போய் மியூட் பண்ணுவது?

"ஏன்னா, இது வீடா, பட்டறையா? நான் அசோசியேஷனுக்கு கம்ப்ளெயின்ட் பண்ணப்போறேன்" என்றாள் கணவன் ஸ்ரீநிவாசனிடம்.

"பக்கத்து வீடு மீனா. போய் பெல் அடிச்சு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு."

"யாருக்கு வேணும் அந்த மூஞ்சியோட பேச்சு? ஆன்லைன்லயே ஃபார்ம் இருக்கு. ரெண்டு நிமிஷம்."

பத்து வருஷமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், காலிங் பெல்லைத் தொடாமல் ஃபார்ம் நிரப்பினார்கள். நம் ஜனங்கள் இந்த ஊருக்கு வந்து கற்றுக்கொண்ட நாகரிகத்தில் இதுவும் ஒன்று.

அந்த ஃபார்மில் ஒரு கட்டம் இருந்தது: சத்தம் எப்படிப்பட்டது என்று விவரிக்கவும். வேறு யாராக இருந்தாலும் 'தாங்க முடியவில்லை' என்று எழுதி முடித்திருப்பார்கள். மீனாக்ஷியால் முடியுமா? சரியாக எழுத வேண்டுமே என்று உட்கார்ந்து கேட்டாள். கேட்கக் கேட்க, கை தானாகத் தொடைக்குப் போனது. போட்ட தாளம் நிற்கவில்லை. ஆதி தாளத்தில் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. ரூபகத்தில் வைத்துப் பார்த்தாள், நழுவியது. மூன்று நாள் தூக்கம் கெட்டது. நாலாம் நாள், பட்ஜெட் மீட்டிங் நடுவில் பிடிபட்டது. அந்த மனுஷன் கால் ஒரு கணக்குப் போடுகிறது, நாலு நாலாக. வலது கை இன்னொரு கணக்கு, ஐந்து ஐந்தாக. இடது கை ஏழு ஏழாக. ஒரே உடம்பில் மூன்று பேர்! மூன்றும் ஒன்றாக வந்து விழ வேண்டிய இடம் எது? நாலை ஐந்தால் பெருக்கி, அதை ஏழால் பெருக்கினால் நூற்று நாற்பது.

அங்கேதான் வினை. அவர் நூற்று நாற்பதுக்கு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நூற்றுப் பன்னிரண்டில் டக்கென்று நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நூற்றுப் பன்னிரண்டு. இவளுக்கு இந்தப் பக்கம் உயிர் போய் உயிர் வரும். முப்பத்தேழு தடவை எண்ணினாள். முப்பத்தெட்டாவது தடவை பொறுமை போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு அனுப்பியாயிற்று, மூன்றாவது கம்ப்ளெயின்ட்டை எழுதினாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் வாசித்ததற்காக எழுதியது இல்லை அது, முடிக்காமல் விட்டதற்காக எழுதியது. 'இவர் தினமும் 112இல் நிறுத்துகிறார், 140 வரை போவதே இல்லை' என்று ஃபார்மில் எழுதி, போனில் பதிவு செய்த ஒலியையும் இணைத்து அனுப்பிவிட்டாள்.

மூன்று கம்ப்ளெயின்ட் சேர்ந்தால் அசோசியேஷன் சும்மா இருக்குமா? பேரை மறைத்த கம்ப்ளெயின்ட் நகலோடு நில்ஸுக்கு நோட்டீஸ் போனது. மறுநாள் பத்து மணிக்குச் சுவர் ஊமையாக இருந்தது. நிம்மதியாக இருக்க வேண்டியவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சான் ரமோனிலிருந்து மகன் பிரணவ் வீடியோவில் கூப்பிட்டான். பேச்சோடு பேச்சாக அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"வெயிட். அம்மா, ப்ளே தட் அகெய்ன்." முகம் வெளுத்துவிட்டது பையனுக்கு. "பக்கத்து வீட்ல இருக்கறவர் பேர் என்ன?"

"நில்ஸோ என்னமோ. ஸ்கூல் பஸ் ஓட்டறார்."

"ஓ மை காட். அம்மா, டூ யூ நோ ஹூ ஹி இஸ்?"

அதற்கப்புறம் அவன் சொன்னதெல்லாம் மீனாக்ஷிக்கு ஏதோ வேற்று ஆள் கதையாக இருந்தது. வடக்கு ஸ்வீடனில் இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவராம் நில்ஸ். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர். அப்பா சுரங்க லாரி டிரைவர். முனிசிபாலிட்டி நடத்திய இசைப்பள்ளியில் எட்டு வயதில் டிரம்ஸ் குச்சியைப் பிடித்தவர், பதினேழில் மூன்று நண்பர்களோடு 'நோர்ட்வாக்ட்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். ப்ராக்ரஸிவ் மெட்டல் என்று சொல்கிற சங்கீதம். இடி மாதிரி கிட்டார், இருபது நிமிஷப் பாட்டு, அதற்குள் நாள்பூரா உட்கார்ந்து எண்ணினாலும் தீராத கணக்கு. ஒரு ஓட்டை வேனில் நாலு பேரும் படுத்துப் புரண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். போலந்தில் ஐயாயிரம் பேர், ஜப்பானில் மூன்று நாள் தொடர்ந்து அரங்கு நிறைந்த கூட்டம். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அவர் வீடியோவை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம். காலேஜில் பிரணவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு டூரில், பெட்டிகளை இறக்கும்போது பனியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு மூன்று துண்டு. குழு ஒரு வருஷம் காத்திருந்தது. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டு, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியோடு எங்கோ அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"இப்ப கடைசியா ஒரு ஆல்பம் பண்றாங்கம்மா. அவர் திரும்பி வருவாரான்னு ஃபேன்ஸ் எல்லாம் வெயிட்டிங். ஃப்ரைடே அனவுன்ஸ் பண்றாங்க." பிரணவ் கண் பளபளத்தது. "அவர் பிராக்டிஸ் பண்ணிண்டிருக்கார்னா, ஹி இஸ் கமிங் பேக்!"

"இப்போ பண்ணலை" என்றாள் மீனாக்ஷி. "நான் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேன்."

பிரணவ் தலையில் கையை வைத்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பத்து வருஷத்தில் முதல் முறையாக, மீனாக்ஷி அந்த வீட்டு பெல்லை அடித்தாள். கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிய ஈமெயிலின் பிரிண்ட் அவள் கையில் இருந்தது. கதவைத் திறந்த நில்ஸிடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள், மூன்றும் எழுதியது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று.

நில்ஸ் அவளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். "நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியது நீங்களா?"

"ஆமாம்."

"முப்பது வருஷத்தில் எந்த விமர்சகரும் என்னைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதினதில்லை" என்றார். சிரிக்கவில்லை. கராஜுக்குக் கூட்டிப்போனார். டிரம்ஸ் மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தது. பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனி வேண்டாம் என்றார். நாளைக்குக் குழுவிடம் முடியாது என்று சொல்லப்போகிறார். நோட்டீஸ் வந்த அன்று கோபம் வரவில்லையாம், அப்பாடா என்றிருந்ததாம். இடது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது. நூற்றுப் பன்னிரண்டில் காலும் இடது கையும் நாலாவது தடவையாகச் சேருகின்றன. அந்த இடம் வரும்போது இடது கை எங்கே இருக்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லை. தப்பியிருக்கும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்.

"காதில் மெட்ரோனோம் போட்டு, அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே வாசித்துப் பார்த்தீர்களா?"

"கணக்கு எனக்குத் தெரியும். கையை நம்ப முடியவில்லை."

மீனாக்ஷிக்குச் சுருக்கென்று வந்தது. "கை தப்பவே இல்லை! முப்பத்தேழு தடவை எண்ணியிருக்கேன் நான். ஒரு தடவைகூட இடது கை கணக்கைவிட்டு நகரலை. நீங்கதான் பாதியில விட்டுட்டு ஓடறேள்!" கோபத்தில் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். மறுபடி முழுசும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அங்கே கிடந்த மடக்கு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். எங்கள் கச்சேரிகளில் வாசிக்கிறவருக்கு எதிரே யாராவது ஒருவர் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார், சந்தேகம் வந்தால் வித்வான் அந்தக் கையைப் பார்த்துக்கொள்வார் என்றாள். "இடது கைக்கு ஏழு. அந்த ஏழை நான் இருபது தடவை போடறேன். பதினாறாவது முடியற இடம்தான் உங்க நூற்றுப் பன்னிரண்டு. நிறுத்தாதேங்கோ. என் கையைப் பாருங்கோ. என் கை தப்பாது."

நில்ஸ் குச்சிகளைத் தேடி எடுத்தார். அப்புறம் விரிப்பை உருவினார்.

ஒரு நிமிஷ வாசிப்புதான். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதற்கும் எதிரே உட்கார்ந்து பார்ப்பதற்கும் எத்தனை வித்தியாசம்! பஸ்ஸில் தலையை மட்டும் ஆட்டுகிற அந்த மனுஷனா இவர்? கால் ஒருவனாக நடக்கிறது, வலது கை வேறொருவனாகப் பேசுகிறது, இடது கை இன்னொருவனாகக் குறுக்கே போகிறது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. மீனாக்ஷி எண்ணினாள். ஐந்து, பத்து, பதினைந்து. பதினாறு வந்தது. நில்ஸின் முகம் கோணியது. அவள் கையைத் தேடிய கண் இறுக மூடிக்கொண்டது. நிறுத்தப்போகிறார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. தாண்டிப் போனார். மரத்த விரல்களோடு அந்த இடது கை தாண்டிப் போனதைப் பார்த்தாளே, அவ்வளவுதான், அவள் கை தொடையிலேயே நின்றுவிட்டது. அடேயப்பா, அடேயப்பா என்று வாய் மட்டும் முணுமுணுத்தது. பதினேழா, பதினெட்டா, எதுவும் தெரியவில்லை. கடைசியில் கராஜே அதிர ஒரு அடி. பிறகு சத்தமில்லை.

நில்ஸ் கண்ணைத் திறந்தார். மூச்சு வாங்கியது. "சேர்ந்ததா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார். வித்வான்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், தலை குனிந்தாள்.

"தெரியாது. பதினாறுக்கு அப்புறம் நான் விட்டுட்டேன். என் ஜென்மத்துல இப்படி விட்டதில்லை. மன்னிச்சுடுங்கோ." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெட்கமாகவும் இருந்தது.

நில்ஸ் அவளையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். அந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்று எடிசனில் யாருமே சொன்னதில்லை.

"எங்கள் கச்சேரிக்கு வருகிற பாதிப் பேர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டேதான் நிற்பார்கள்" என்றார். "நான் எங்கே தப்புகிறேன் என்று பார்க்க வருகிறவர்கள். மேடையிலிருந்து அந்த விரல்களைத்தான் பார்ப்பேன். எப்போதாவது ஒரு நாள் அத்தனை விரலும் நின்றுபோகும். அந்த ஒரு நாளுக்காகத்தான் வாசித்தேன்."

குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்துக் குழுவில் ஒருவரைக் கூப்பிட்டார். ஸ்வீடிஷில் இரண்டே வாக்கியம் பேசினார். மீனாக்ஷிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் போனுக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் அந்தப் பக்கம், வயதான ஆண் ஒருவர் சிரித்துக்கொண்டே வாய்விட்டு அழுவது அவள் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.